எடை கூடிய வாரம்

நாங்கள் ஒன்பது பேர். வாரத்தில் ஒரு நாள், வேலை முடிந்த பிறகு, ஒரே இடத்தில் கூடுவோம். கதவை ஒட்டி எடை மெஷின் இருக்கும். செருப்பைக் கழற்றி, சாவிக்கொத்து, போன் எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட்டு ஏறுவோம். வந்த எண்ணை அவரவர் நோட்டில் அவரவரே எழுதிக்கொள்வோம். சத்தமாகப் படிக்கும் வழக்கம் கிடையாது.

ஒரு நாள் எங்களில் ஒருவர் செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார். காலையில் வீட்டிலேயே எடை பார்த்திருக்கிறார். போன வாரத்தைவிட 1.4 கிலோ கூடியிருக்கிறது. "இந்த வாரம் வேணாங்க, கொஞ்சம் குறைச்சிட்டு அடுத்த வாரம் வந்துடறேன்" என்றார். குழுவில் மூத்தவரான ஓர் அம்மா எழுந்துபோய், "மெஷின்ல ஏறவே வேணாம் தம்பி. உள்ள வந்து உட்காருங்க, அது போதும்" என்றார். வந்து உட்கார்ந்தார். அன்று முக்கால் மணி நேரம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் அடுத்த வாரம் வந்தார்.

குழுவாகச் சேர்ந்து எடை குறைத்தால் ஏன் பலன் கிடைக்கிறது என்று யாராவது கேட்டால் இந்தச் சம்பவத்தைத்தான் முதலில் சொல்வேன். ஊக்கம், உற்சாகம், போட்டி என்று பல காரணங்கள் சொல்வார்கள். எல்லாமே ஓரளவு உண்மைதான். ஆனால் எடை இறங்குகிற வாரத்தில் யாருக்கும் பெரிதாகத் துணை தேவைப்படுவதில்லை. ஏறிய வாரத்தில்தான் ஆட்கள் காணாமல் போகிறார்கள். அந்த வாரத்திலும் ஆளை வரவழைப்பதுதான் குழுவின் முதல் வேலை என்பது என் எண்ணம். இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

அப்படி ஒரு வாரம் எல்லோருக்கும் வரும். ஏன் வருகிறது என்று தெரிந்திருந்தால் பாதி பயம் போய்விடும். நாம் சாப்பிடும் மாவுச்சத்தில் ஒரு பங்கு கிளைக்கோஜனாக மாறி ஈரலிலும் தசைகளிலும் தங்குகிறது. ஒரு கிராம் கிளைக்கோஜன் சுமார் 3 கிராம் நீரைத் தன்னோடு பிடித்து வைத்துக்கொள்ளும். உணவைக் குறைத்த முதல் ஓரிரு வாரங்களில் இந்த இருப்பு கரையும்போது நீரும் சேர்ந்து வெளியேறுவதால் எண் மளமளவென்று இறங்கும். மனசு குளிர்ந்துபோகும். அப்புறம் இரண்டு நாள் கொஞ்சம் கூடுதலாகச் சாப்பிட்டாலோ, உப்பு அதிகமானாலோ, போன நீர் திரும்பி வந்துவிடும். பெண்களுக்கு மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் நீர் தேங்கும். கொழுப்பு துளியும் கூடாமலே ஒரு கிலோ, ஒன்றரை கிலோ ஏறி இறங்குவது சாதாரணம்.

கணக்குப் போட்டே பார்க்கலாம். ஒரு கிலோ உடல் கொழுப்பு என்பது ஏறத்தாழ 7,700 கலோரி. வாசலில் நின்றவருக்கு அந்த 1.4 கிலோவும் கொழுப்பாகவே ஏறியிருக்க வேண்டுமென்றால், ஏழு நாளில் தேவைக்கு மேல் 10,000 கலோரிக்கும் அதிகமாகச் சாப்பிட்டிருக்க வேண்டும். அவர் அப்படிச் சாப்பிடவில்லை. சாப்பிட்டதை எழுதிவைத்த அவர் நோட்டே அதற்குச் சாட்சி. ஆனால் மெஷின் முன்னால் தனியாக நிற்கும் மனிதர் இந்தக் கணக்கையெல்லாம் போடுவதில்லை. 'என்னால் முடியாது' என்ற ஒரே முடிவுக்குத்தான் வருகிறார்.

எண் ஏறுவதற்கு நீர் மட்டும் காரணமில்லை, அடியில் இன்னொன்றும் இருக்கிறது. 2011இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். உடல் பருமன் உள்ள 50 பேருக்கு 10 வாரம் கடுமையான உணவுக் கட்டுப்பாடு. சராசரியாக 13.5 கிலோ குறைந்தது. பசியைத் தூண்டும் கிரெலின் ஏறியிருந்தது, உடம்பில் கொழுப்பு இருப்பு போதுமென்று மூளைக்குச் சொல்லும் லெப்டின் சரிந்திருந்தது. இதுவரை எதிர்பார்த்ததுதான். ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோதும் அந்த மாற்றங்கள் முழுதாகச் சரியாகவில்லை, பசியும் முன்பைவிட அதிகமாகவே இருந்தது. அதாவது, எடை குறைத்தவரின் உடம்பு இழந்ததைத் திரும்பக் கேட்டுக்கொண்டே இருக்கிறது. இதை மனவுறுதிக் குறைவு என்று பெயரிட்டு ஆளைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது பெரிய அநியாயம். அவர் தம்மைத் தாமே ஏற்றிக்கொள்வது அதைவிடக் கொடுமை. ஒன்பது நோட்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஒவ்வொன்றிலும் நடுவில் எங்காவது எண் ஏறியிருக்கும். தனியாக இருப்பவருக்கு இது தெரிய வழியே இல்லை.

இந்த உண்மையை முதலில் கண்டுகொண்டவர்கள் மருத்துவர்கள் அல்லர், இல்லத்தரசிகள். 1948இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் எஸ்தர் மான்ஸ் என்ற பெண்மணி டாப்ஸ் என்ற அமைப்பைத் தொடங்கினார். லாப நோக்கம் இல்லாதது. வாரம் ஒரு முறை கூடி, எடை பார்த்து, பேசிவிட்டுப் போவார்கள். 1960இல் லாஸ் ஏஞ்சலீஸில், குடிநோயிலிருந்து மீள்பவர்களின் குழுமுறையைப் பின்பற்றி, அடக்க முடியாமல் சாப்பிடுபவர்களுக்கென்று ஒரு குழு தொடங்கியது. 1961இல் நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் ஜீன் நைடெட்ச் தன் வீட்டுக்கு ஆறு தோழிகளை அழைத்தார். அதுதான் பின்னால் வெயிட் வாட்சர்ஸ் என்ற எடைக் குறைப்பு நிறுவனம் ஆனது.

நைடெட்சின் கதையில் ஓர் இடம் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. அப்போது அவர் எடை 214 பவுண்டு, அதாவது 97 கிலோ. நகரச் சுகாதாரத் துறை நடத்திய மருத்துவ மையத்துக்குப் போனார். எதைச் சாப்பிடலாம், எதைச் சாப்பிடக் கூடாது என்று எழுதிக் கொடுத்தார்கள். நல்ல பட்டியல்தான், எடையும் குறைந்தது. ஆனால் வீட்டில் குளியலறைத் துணிக் கூடைக்குள் பிஸ்கட்டை ஒளித்து வைத்துத் தின்றுகொண்டிருந்ததை அந்த மையத்தில் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. தோழிகளைக் கூப்பிட்டு அதைத்தான் முதலில் சொன்னார். அவர்களும் ஒவ்வொருவராகத் தாங்கள் ஒளித்து வைத்ததைச் சொல்ல ஆரம்பித்தார்கள். 1962 அக்டோபரில் அவர் எடை 142 பவுண்டு. உணவுப் பட்டியல் அவர் கையில் முன்பே இருந்தது. அதில் சொன்னபடி நடக்க முடியாத நாட்களைப் பற்றிப் பேச ஓர் இடம்தான் இல்லாமல் இருந்தது.

சரி, இது ஒருவரின் கதை. ஆய்வுகள் என்ன சொல்கின்றன? 1999இல் ரீனா விங், ராபர்ட் ஜெஃப்ரி இருவரும் வெளியிட்ட ஆய்வை எடுத்துக்கொள்வோம். மொத்தம் 166 பேர். சிலர் தனியாக வந்து சேர்ந்தார்கள், சிலர் நண்பர்கள் அல்லது உறவினர் மூவரோடு வந்தார்கள். இரு வகையிலும் பாதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சை, மீதிப் பேருக்கு ஒருவரையொருவர் தாங்கிப்பிடிக்கும் பயிற்சியும் சேர்த்துக் கொடுத்தார்கள். தனியாக வந்து வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 76% பேர் கடைசி வரை நின்றார்கள். நண்பர்களோடு வந்து, அந்தக் கூடுதல் பயிற்சியும் பெற்றவர்களில் 95% பேர் நின்றார்கள். நான்கு மாதச் சிகிச்சை முடிந்து, தொடக்கத்திலிருந்து பத்தாவது மாதத்தில் பார்த்தபோது, குறைத்த எடையை முழுதாகக் காப்பாற்றி வைத்திருந்தவர்கள் தனியாக வந்த அந்தப் பிரிவில் 24%, நண்பர்களோடு வந்து பயிற்சி பெற்ற பிரிவில் 66%. நண்பர்களோடு வந்தவர்கள் ஏற்கெனவே ஆர்வம் உள்ளவர்களாக இருந்திருக்கலாம் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனாலும் கடைசி வரை நின்றவர்களின் விகிதம் இவ்வளவு மாறியிருப்பதைத் தள்ளிவிட முடியாது.

இன்னொரு ஆய்வு எனக்கே வியப்பாக இருந்தது. 2001இல் வெளியானது. உங்களுக்குத் தனிச் சிகிச்சை பிடிக்குமா, குழுச் சிகிச்சை பிடிக்குமா என்று முதலிலேயே கேட்டுக்கொண்டார்கள். பிறகு சிலரை விரும்பியதிலும் சிலரை விரும்பாததிலும் சேர்த்தார்கள். குழுவில் இருந்தவர்களுக்குத்தான் அதிக எடை குறைந்தது. தனியாகத்தான் வேண்டும் என்று கேட்டுவிட்டுக் குழுவில் போடப்பட்டவர்களுக்கும் அப்படித்தான். நாலு பேர் முன்னால் உட்காரக் கூச்சப்படுபவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். கூச்சம் இருப்பதால் குழு நமக்குச் சரிப்படாது என்று ஆகிவிடாது.

குழு என்றாலே மாயம் நடக்கும் என்றும் நினைத்துவிடக் கூடாது. சராசரிகள் அடக்கமானவை. 2011இல் பிரிட்டன், ஜெர்மனி, ஆஸ்திரேலியா மூன்று நாடுகளில் 772 பேரை வைத்து நடந்த ஆய்வில், மருத்துவர் பரிந்துரைத்து வாரக் குழுக்களுக்குப் போனவர்களுக்கு ஒரு வருடத்தில் சுமார் 5 கிலோ குறைந்தது. மருத்துவமனையில் வழக்கமான ஆலோசனை மட்டும் பெற்றவர்களுக்கு 2 கிலோவுக்குச் சற்று மேல். 2017இல் 1,267 பேரை வைத்துப் பிரிட்டனில் வெளியான ஆய்வில், 12 வாரம் குழுவுக்குப் போனவர்களுக்கு ஓராண்டில் 4.75 கிலோ, 52 வாரமும் போனவர்களுக்கு 6.76 கிலோ. எவ்வளவு காலம் போகிறோம் என்பது கணக்கில் வருகிறது. இந்த ஐந்தாறு கிலோவை யாரும் அற்பமாக எண்ண வேண்டாம். அமெரிக்காவில் நீரிழிவு வரும் நிலையில் இருந்த 3,234 பேரை வைத்து நடந்த பெரிய ஆய்வு 2002இல் வெளியானது. உடல் எடையில் 7% குறைப்பதும், வாரம் 150 நிமிட உடற்பயிற்சியும் இலக்கு. அந்தப் பிரிவினரில் நீரிழிவு வருவது 58% குறைந்தது. மாத்திரை பெற்றவர்களிடம் 31% மட்டுமே. அந்த ஆய்வில் ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பயிற்சியாளர் இருந்தார், செலவு அதிகம். அதே பாடத்தைப் பிறகு ஒய்.எம்.சி.ஏ. கூடங்களில் குழுவாக நடத்திப் பார்த்தபோது சுமார் 6% எடை குறைந்தது. 80 கிலோ உள்ளவருக்கு அது ஏறக்குறைய 5 கிலோ.

இப்போது ஒரு சிக்கலான கேள்வி. பலர் கூடினால் வேலை நடக்கும் என்பது எப்போதும் உண்மையா? இல்லை. பிரெஞ்சு வேளாண் பொறியாளர் மாக்ஸ் ரிங்கெல்மான் ஆட்களைக் கயிறு இழுக்க வைத்துச் செய்த சோதனையை 1913இல் வெளியிட்டார். எட்டுப் பேர் சேர்ந்து இழுக்கும்போது, ஒவ்வொருவரும் தனியாக இழுத்ததில் பாதி அளவுதான் பலம் வெளிப்பட்டது. ஒன்றாக இழுக்கும்போது தாளம் தவறுவது ஒரு காரணம். 'என் பங்கு யாருக்குத் தெரியப்போகிறது' என்ற தளர்ச்சி இன்னொரு காரணம். இதற்கு நேரெதிராக, 1920களில் பெர்லினில் ஓட்டோ கோலர் படகு வலிப்பவர்களை வைத்து ஒரு சோதனை செய்தார். இருவர் சேர்ந்து ஒரு கனமான கம்பியைத் திரும்பத் திரும்பத் தூக்க வேண்டும். ஒருவர் ஓய்ந்தால் இருவருக்கும் நின்றுவிடும். அப்போது இருவரில் பலம் குறைந்தவர் தனியாகத் தாக்குப்பிடித்ததைவிட அதிக நேரம் தாக்குப்பிடித்தார். இருவரின் பலத்துக்கும் இடையில் வித்தியாசம் ஓரளவு மட்டும் இருந்தபோதுதான் இது நன்றாகத் தெரிந்தது. மிக அதிகமாக இருந்தால் பலவீனமானவர் கைவிட்டுவிடுகிறார்.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு குழு எப்படி இருக்க வேண்டும் என்பது ஓரளவு புரிகிறது. நாற்பது ஐம்பது பேர் இருக்கும் போன் குழுவில் ஒருவர் வராமல் போனால் கண்ணில் படவே படாது. கயிற்றின் கடைசியில் நிற்பவர் போல அவர் மெதுவாகக் கையை விட்டுவிடலாம். எட்டு, பத்துப் பேர் வட்டமாக உட்கார்ந்தால் ஒரு நாற்காலி காலியாக இருப்பது உடனே தெரியும். எங்கள் ஒன்பது பேர் எண்ணிக்கை தற்செயலாக அமைந்ததுதான், ஆனால் அது நல்ல எண்ணிக்கை. அதேபோல, ஐந்து கிலோ குறைக்க வந்தவரையும் நாற்பது கிலோ குறைக்க வேண்டியவரையும் ஒரே அளவுகோலில் நிறுத்தினால் இரண்டாமவர் சீக்கிரம் சோர்ந்துபோவார். கிலோவை ஒப்பிடாமல், இந்த வாரம் எத்தனை நாள் நடந்தோம், எத்தனை நாள் எழுதினோம் என்பதை ஒப்பிட்டால் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்க முடியும்.

எழுதுவதை லேசாக நினைக்க வேண்டாம். 2008இல் அமெரிக்காவில் ஏறத்தாழ 1,700 பேரை வைத்து, குழுக் கூட்டங்களோடு நடந்த ஆய்வில், சாப்பிட்டதைத் தினமும் எழுதியவர்களுக்கு, எழுதாதவர்களைப்போல இரண்டு மடங்கு எடை குறைந்தது.

ஆண்கள் இந்தக் குழுக்களுக்கு வருவது குறைவு. எடை குறைப்பு வகுப்பு என்றாலே அது பெண்களுக்கானது என்ற எண்ணம் பல இடங்களில் ஊறிப்போயிருக்கிறது. ஸ்காட்லாந்தில் இதற்கு அருமையான ஒரு வழி கண்டார்கள். 13 தொழில்முறைக் கால்பந்துக் கிளப்புகளின் மைதானங்களிலேயே வகுப்பு நடத்தினார்கள். தான் உயிரைக் கொடுத்து ஆதரிக்கும் அணியின் மைதானத்துக்குள், அந்தக் கிளப்பின் பயிற்சியாளரோடு, தன்னைப்போலவே தொப்பை வைத்த ரசிகர்களோடு 12 வாரம். 35 முதல் 65 வயது வரையுள்ள 747 ஆண்கள். 2014இல் வெளியான முடிவில், ஓராண்டுக்குப் பிறகு வகுப்பில் சேர்ந்தவர்களுக்குச் சராசரியாக 5.56 கிலோ குறைந்திருந்தது, காத்திருப்போர் பட்டியலில் இருந்தவர்களுக்கு அரை கிலோ சொச்சம். அங்கே சொல்லிக் கொடுத்ததில் புதிய ரகசியம் ஒன்றுமில்லை. அளவோடு சாப்பிடு, அதிகமாக நட என்பதுதான். ஆனால் இங்கே நான் அந்நியன் என்ற உணர்வு அவர்களுக்கு இல்லை. அதனால் திரும்பத் திரும்ப வந்தார்கள்.

இதற்கு எதிர்முனையில் இருப்பது போட்டி. அமெரிக்கத் தொலைக்காட்சியில் நடந்த ஓர் எடைக் குறைப்புப் போட்டியில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு ஆண்டுகள் கழித்துப் பரிசோதித்தார்கள். 2016இல் முடிவு வந்தது. போட்டியில் சராசரியாக 58 கிலோ குறைத்தவர்கள், அதில் 41 கிலோவைத் திரும்பப் பெற்றிருந்தார்கள். ஓய்வில் இருக்கும்போது உடம்பு செலவழிக்கும் சக்தி, இருக்க வேண்டியதைவிட நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி குறைந்திருந்தது. அவர்களைச் சுற்றிலும் அத்தனை பேர் இருந்தார்கள்தான். ஆனால் அதிகம் குறைக்காதவரை வெளியே அனுப்புவதுதான் அந்த ஆட்டத்தின் விதி. எடை சரியாக இறங்காத வாரத்தில் ஆளைக் கூட்டத்திலிருந்து நீக்குவது என்பது, குழு செய்ய வேண்டியதற்கு அப்படியே தலைகீழ். அலுவலகங்களிலும் நண்பர்களிடையேயும் பந்தயம் கட்டி நடத்தும் சிறு போட்டிகளிலும் இதே ஆபத்து இருக்கிறது. கடைசி நாள் எடைக்காகத் தண்ணீர் குடிக்காமல் வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அது உடம்புக்குக் கெடுதல். அடுத்த நாளே எண் பழைய இடத்துக்கு வந்துவிடும் என்பதால் பலனும் இல்லை.

குழு வேறு வழிகளிலும் கெட்டுப்போகும். எல்லோரும் சேர்ந்து 'பரவாயில்லை, இன்னைக்கு ஒரு நாள்தானே' என்று சொல்லிச் சொல்லியே மூன்று மாதம் ஓடிவிடலாம். தலைமை தாங்குபவர் பவுடரோ மாத்திரையோ விற்கத் தொடங்கினால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுவது நல்லது. அதன் பிறகு அவருக்கு உங்கள் எடையைவிட உங்கள் ஆர்டர் முக்கியமாகிவிடும். சாப்பிட்டுவிட்டு வாந்தி எடுப்பது, நாள்கணக்கில் பட்டினி கிடப்பது போன்ற பழக்கம் உள்ளவர்களுக்கு வாராவாரம் எடை பார்ப்பதே தீங்காகலாம், அவர்களுக்கு மருத்துவர் துணைதான் முதலில். கர்ப்பிணிகள் எடை குறைக்கும் குழுவில் சேரக் கூடாது. நீரிழிவுக்கோ ரத்த அழுத்தத்துக்கோ மருந்து எடுப்பவர்கள் சாப்பாட்டைக் குறைப்பதற்கு முன் மருத்துவரிடம் சொல்ல வேண்டும், எடை குறையக் குறைய மருந்தின் அளவை மாற்ற வேண்டியிருக்கும்.

இப்போது எடை குறைக்கும் ஊசிகள் வந்துவிட்டன. செமாக்ளுடைட் ஊசியால் 68 வாரத்தில் சராசரியாகக் கிட்டத்தட்ட 15% எடை குறைந்ததாக 2021இல் ஆய்வு வெளியானது. ஆறு தோழிகளோடு தொடங்கிய அந்த வெயிட் வாட்சர்ஸ் நிறுவனம் கடன் சுமையால் 2025 மே மாதம் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றத்துக்குப் போனது. ஊசி பலருக்கு உண்மையான நிம்மதியைத் தருகிறது, அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் ஊசியை நிறுத்தியவர்களுக்கு ஒரே வருடத்தில், குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது என்பதும் அதே ஆய்வின் தொடர்ச்சியில் தெரிந்தது. ஆக, எண் ஏறும் வாரம் அவர்களுக்கும் வரத்தான் செய்கிறது, கொஞ்சம் தாமதமாக.

புதிதாகக் குழு தொடங்க நினைப்பவர்கள் என்னிடம் கேட்கும்போது, உணவுப் பட்டியலைப் பற்றிக் கடைசியில்தான் பேசுவேன். முதலில் கிழமையையும் நேரத்தையும் முடிவு செய்யுங்கள், அதை மாற்றாதீர்கள். முதல் ஆறு மாதமாவது வாரம் தவறாமல் கூடுங்கள். பெரும்பாலானவர்களுக்கு ஆறாவது மாதத்தை ஒட்டி எடை இறங்குவது நின்றுவிடும், அதற்குப் பிறகுதான் குழு கலையும் வாய்ப்பு அதிகம். அதனால் அப்போது இடைவெளியைக் கூட்டினாலும் கலைத்துவிடாதீர்கள். எடை பார்ப்பதைத் தனிமையில் வையுங்கள், பேசுவதைப் பொதுவில் வையுங்கள். எடை கூடிய வாரத்தில் மெஷினில் ஏறாமல் உள்ளே வந்து உட்கார அனுமதி உண்டு என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். எங்களுக்கு அது அந்த அம்மா சொன்ன பிறகுதான் விதியானது.

அப்புறம், வராதவரை யார் கூப்பிடுவது என்பதையும் முதலிலேயே பேசி வையுங்கள். எங்களுக்குள் முறை வைத்திருக்கிறோம். ஒரு வாரம் வராவிட்டால் விட்டுவிடுவோம், ஆயிரம் வேலை இருக்கும். இரண்டாவது வாரமும் வராவிட்டால், அந்த மாதம் யாருடைய முறையோ அவர் போன் செய்வார். எடை எவ்வளவு என்று கேட்பதில்லை, ஏன் வரவில்லை என்றும் கேட்பதில்லை. "உங்க நாற்காலி காலியா இருக்குங்க, இந்த வாரம் வர்றீங்களா?" அவ்வளவுதான். பலரும் அந்த போனை எடுப்பதில்லை. இரண்டு நாள் கழித்து 'வரேங்க' என்று ஒரு செய்தி வரும், சில சமயம் அதுவும் வராது. வராவிட்டால் அடுத்த வாரம் இன்னொருவர் கூப்பிடுவோம்.